தொழுகைப் போர்வை உடுத்திய இயேசு



பிலாத்து சிலுவையின் மேல் வைத்த குற்ற அறிக்கை இயேசுவை யூதர்களின் அரசர் என்று சொல்கிறது. பெரிய வெள்ளிதோறும் அதைக் கேட்கிறோம். ஆனால் அவர் யூதர் என்பதை மறந்துவிடுகிறோம். அதை மறக்காத ஓர் ஓவியத்தைப் பற்றி இன்று பேசலாம்.

மார்க் ஷகால் 1887-இல் ரஷ்யப் பேரரசின் வித்தெப்ஸ்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரான்சில் வாழ்ந்தபோது, 1938-இல், 'வெள்ளைச் சிலுவைப்பாடு' என்னும் ஓவியத்தைத் தீட்டினார். அவ்வாண்டு கோடையில் மியூனிக், நூரம்பெர்க் நகரங்களில் யூதத் தொழுகைக்கூடங்கள் இடிக்கப்பட்டன. நவம்பரில் ஜெர்மனியெங்கும் நூற்றுக்கணக்கானவை எரிந்தன.

ஓவியத்தின் நடுவில் சிலுவையில் இயேசு. அவர் இடையில் கட்டியிருப்பது கறுப்புக் கோடு போட்ட யூதத் தொழுகைப் போர்வை. தலையில் முள்முடி இல்லை, துணிக்கட்டுதான். காலடியில் யூதர்களின் கிளைவிளக்கு. மேலே, நாம் வானதூதர்களைத் தேடும் இடத்தில், யூத முன்னோர் அழுகிறார்கள். சுற்றிலும் கவிழ்ந்து எரியும் வீடுகள், செங்கொடியோடு வரும் படை, தீப்பிடித்த தொழுகைக்கூடம், படகு நிறைய அகதிகள், திருச்சட்டச் சுருளை அணைத்துக்கொண்டு ஓடும் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு தாய். நம் ஆலயப் படங்களில் சிலுவையடியில் மரியாவும் யோவானும் நிற்பார்கள். இங்கே நின்று அழ யாருக்கும் நேரமில்லை.

ஒரு யூதர் சிலுவையை வரைவது சின்னக் காரியமா? கிழக்கு ஐரோப்பிய யூதருக்கு அது அச்சத்தின் அடையாளம். 1903-இல் கிஷினேவ் நகரில் உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்கிய வன்முறையில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 'இயேசுவைக் கொன்றவர்கள்' என்ற பழி பல நூற்றாண்டுகளாக நம் மறையுரை மேடைகளிலிருந்தே ஒலித்தது. இதைப் பூசி மெழுக முடியாது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் பழித்த சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் நீக்கியது 1959-இல்தான். இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லாரையும் பொறுப்பாக்கக் கூடாதென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். ஓவியம் பிறந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஷகால் 1941-இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில், வித்தெப்ஸ்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்களை நாசிகள் கொன்று தீர்த்தார்கள்.

ஓவியம் இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் இடப்பக்கம் கீழே ஒரு முதியவர் நிற்கிறார். அவர் மார்பில் தொங்கும் அட்டையில் 'நான் யூதன்' என்று ஷகால் முதலில் ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார். பிறகு வண்ணம் பூசி மறைத்துவிட்டார். சிலுவையின் மேலிருக்கும் அறிக்கை மட்டும் எபிரேய எழுத்துகளில் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.