கசையடியும் ஒரு தீர்ப்பும்: ரஷ்யா, 1878

1878 மார்ச் 31 அன்று, அப்போது ரஷ்யாவில் வழங்கிய பழைய நாட்காட்டிப்படி, பீட்டர்ஸ்பர்க் நீதிமன்றம் வேரா ஸாசுலிச் என்ற இளம்பெண்ணை விடுதலை செய்தது. மனுக் கொடுப்பவரைப் போல் வந்து, நகர ஆளுநர் திரேப்பவைச் சுட்டுக் காயப்படுத்தியதை அவர் மறுக்கவே இல்லை. எனினும் ஜூரிகள், அதாவது 1864ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் நீதிமன்றத்துக்குள் வந்த குடிமக்கள் குழுவினர், அவர் குற்றவாளி அல்லர் என்றனர். அந்த ஜூரிகளில் பெரும்பாலோர் நடுத்தர நிலை அரசு ஊழியர்கள். தீர்ப்பைக் கேட்டு ஆரவாரித்த அரங்கிலோ உயர்பதவியினரும் அமர்ந்திருந்தனர்.

அரசு ஊழியரே ஆளுநரைச் சுட்டவரின் பக்கம் சாய்ந்ததற்கு வேர் ஒரு கசையடியில் இருந்தது. 1877 ஜூலையில், சிறை முற்றத்தில் தம் முன் தொப்பியைக் கழற்றாத பகல்யூபவ் என்ற அரசியல் கைதியை அடிக்கத் திரேப்பவ் ஆணையிட்டிருந்தார். 1863ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கசையடி பெரும்பாலும் குடியானவர்க்கும் தண்டனைக் கைதிகளுக்கும் உரியதாகச் சுருங்கியிருந்ததால், படித்த ஒருவரின் முதுகில் விழுந்த அடியைப் படித்த வகுப்பு முழுவதும் தன் மானத்தின்மேல் விழுந்ததாகவே கொண்டது. ஸாசுலிச்சின் வழக்கறிஞர் அலெக்சாந்திரவும் துப்பாக்கியை விடக் கசையைப் பற்றியே விரித்துப் பேசினார். குடியானவர்க்கு அந்தத் தண்டனை 1904 வரை நீடித்தது. அதற்காகத் தலைநகரில் எந்த அரங்கும் இப்படிக் கொந்தளித்ததில்லை என்பதையும் சேர்த்தே இக்கைதட்டலை மதிப்பிட வேண்டும்.

நாடாளுமன்றமும் இல்லாமல், பத்திரிகையும் தணிக்கையில் இருந்த நாட்டில் அதிருப்தி வாய்திறக்க எஞ்சிய ஓரிடம் ஜூரி மன்றம். மே மாதத்திலேயே அதிகாரிகள் மீதான தாக்குதல் வழக்குகளை ஜூரிகளிடமிருந்து அரசு பறித்துக்கொண்டது. ஆகஸ்டில் அரசியல் காவல்துறைத் தலைவர் மெஸன்த்செவ் பட்டப்பகலில் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார்.

வன்முறையை வெறுத்தவர்களின் தயக்கம் ஜூரிகளின் தீர்ப்பைவிட விசித்திரமானது. 1880இல் தஸ்தயெவ்ஸ்கியும் பத்திரிகையாளர் சுவோரினும் பேசிக்கொண்டதைச் சுவோரின் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்: குளிர்கால அரண்மனைக்கு வெடி வைக்கப்பட்டிருப்பது காதில் விழுந்தால் காவலரிடம் சொல்வோமா? மாட்டோம் என்றே இருவரும் ஒப்புக்கொண்டனர். அரியணைக்கு விசுவாசியான தஸ்தயெவ்ஸ்கியைக்கூடக் காட்டிக்கொடுத்தவன் என்ற பழிச்சொல் அச்சுறுத்தியது.

1881 மார்ச் 1 அன்று மக்களின் பெயரால் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபோது, கிராமங்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டன. 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த மன்னரை நிலப்பிரபுக்களே பழிவாங்கினர் என்ற வதந்தி குடியானவரிடையே பரவியது; தென்பகுதி நகரங்களிலோ பழி யூதர்மேல் போடப்பட்டு, ஏப்ரலில் எலிசவெத்கிராதில் அவர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன.