ஒரு வாக்கியத்தின் இடப்பெயர்வு

கொலை உணர்ச்சிக் கொந்தளிப்பில் நிகழக்கூடும். பொருளாதாரக் குற்றமோ ஆற அமரக் கணக்கிட்டுச் செய்யப்படுவது. இந்திய நீதிமன்றங்கள் பலமுறை எடுத்தாண்டுள்ள இக்கருத்தை 1987இல், தங்கம் தொடர்பான போர்வால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி எம். பி. தக்கர் எழுதினார். அவர்முன் இருந்த வினா தண்டனையின் அளவைப் பற்றியதன்று. கூடுதல் சான்று அளிக்க அரசுத் தரப்புக்கு வாய்ப்புத் தரலாமா என்பதே. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் நீதி உரியது என்று நிறுவவே அவ்வொப்பீடு பயன்பட்டது.

தண்டனை குறித்த நேரடிச் சிந்தனை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சமூக, பொருளாதாரக் குற்றங்களின் விசாரணையையும் தண்டனையையும் ஆராய்ந்து சட்ட ஆணையம் 1972இல் தன் 47ஆம் அறிக்கையை அளித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தேஜானி வழக்கு வந்தது. தடைசெய்யப்பட்ட செயற்கை இனிப்பு கலந்த பாக்கை விற்றவர், நன்னடத்தைச் சட்டப்படி தம்மை விடுவிக்க வேண்டினார். சிறையைச் சீர்திருத்தக் களமாகக் கண்ட வி. ஆர். கிருஷ்ணய்யரே அதற்கு இணங்கவில்லை. இலாபத்துக்காகப் பொதுமக்களின் உடல்நலத்தைப் பணயம் வைப்பவரிடம் சமூகப் பாதுகாப்பே முதன்மை பெறும் என்பது அவர் நிலைப்பாடு.

பின்னாளில் தக்கரின் கருத்து பிணை மனுக்களுக்குள் புகுந்தது. 2013இல் ஒய். எஸ். ஜெகன்மோகன் ரெட்டியின் பிணை வழக்கில், பொருளாதாரக் குற்றங்கள் தனி வகையின. பிணையிலும் அவற்றை வேறாகவே அணுக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். குற்றத்தின் கடுமையை எடைபோட எழுந்த மொழி, குற்றம் மெய்ப்பிக்கப்படுவதற்கு முன்பே சிறைவாசத்தை நியாயப்படுத்தும் மொழியாயிற்று.

இதன் விளைவைச் சத்யம் வழக்கில் காணலாம். 2009 ஜனவரியில் கணக்கு மோசடியைத் தாமே ஒப்புக்கொண்ட ராமலிங்க ராஜு, தீர்ப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். 2015 ஏப்ரல் 9 அன்று ஐதராபாத் தனி நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மே மாதத்திலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்துப் பிணை வழங்கியது.

தண்டனை நிர்ணயத்துக்குச் சட்டவழி நெறிமுறைகள் வேண்டும் என 2003இல் மலிமத் குழு பரிந்துரைத்தது. அத்தகைய பொதுநெறி இன்னும் உருவாகவில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பொதுநலனைப் பாதிக்கும் மோசடிக்கு மூன்றாண்டுக் குறைந்தபட்சச் சிறையை மட்டும் வரையறுத்தது. மூன்றுக்கும் பத்துக்கும் இடையே எதைத் தேர்வது, எக்காரணத்தால் என்பது நீதிபதியின் விருப்புரிமை. அங்கே தேவைப்படுவது இழப்பின் அளவு, பாதிக்கப்பட்டோர், ஈட்டிய பயன், காலத்தாழ்வு ஆகியவற்றை எடைபோடும் காரண விளக்கம். குற்றத்தைக் கண்டிக்கும் மேற்கோள் அவ்விளக்கத்துக்கு ஈடாகாது.