நாகூர்க் காற்று நடத்திய யுத்தம்

நாகூர் என்றதும் உங்களுக்கு தர்காவின் ஐந்து மினாராக்கள் ஞாபகம் வரும். அவற்றில் பெரியதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். உயரம் 131 அடி! 1782-ம் வருடம் ஜூலை 6-ம் தேதி அதன் மேல் ஏறி நின்றிருந்தால், கடல் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டிருக்கும்.

சண்டை பிரிட்டிஷாருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும். முந்தைய நவம்பரில்தான் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடுங்கியிருந்தது இங்கிலாந்து. அதை மீட்கவேண்டும் என்பது பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனின் திட்டம். ஹைதர் அலி அவருடைய கூட்டாளி. எதிரே அட்மிரல் ஹியூஸ். ஆளுக்குப் பதினோரு போர்க்கப்பல்கள்.

காலையில் அடித்தது தென்மேற்குக் காற்று. ஆனியில் டெல்டாவில் வீசுமே, அதே மேல்காற்று! காற்று முதுகுப்பக்கம் இருந்ததால் ஹியூஸுக்குக் கொண்டாட்டம். நேராக எதிரியின் மேல் பாய்ந்தார். முற்பகல் பதினொரு மணிக்கு யுத்தம் சூடுபிடித்தது.

பகல் பன்னிரண்டரை தாண்டியதும் வந்தது பாருங்கள், மூன்றாவது எதிரி... கடற்காற்று!

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. வெயிலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து நாம் சுகமாக அனுபவிக்கிறோமே, அதுதான். அன்றைக்கு அது தென்கிழக்கு பக்கமிருந்து திடீரென்று அடித்தது. பாய்கள் தடுமாறின. சில கப்பல்கள் இடப்பக்கம் திரும்பின, சில வலப்பக்கம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

இந்தக் குழப்பத்தில் 'சேவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பல் தனியாக மாட்டிக்கொண்டது. பயந்துபோன கேப்டன் கொடியை இறக்கிவிட்டார். சரண்டர்! ஆனால், அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. கொடியை மறுபடி ஏற்றி, தொடர்ந்து சுட்டார்கள். 'சரணடைந்த கப்பலைக் கொடு' என்று பிறகு ஹியூஸ் கேட்க, 'கயிறு அறுந்ததால் கொடி விழுந்தது, அவ்வளவுதான்' என்று கையை விரித்தார் சஃப்ரேன்!

பிரெஞ்சு தரப்பில் 178 பேர் பலி, பிரிட்டிஷ் தரப்பில் 77 பேர். கப்பல் எதுவும் பிடிபடவில்லை. மறுநாள் சஃப்ரேன் கடலூருக்குக் கிளம்பினார். நாகப்பட்டினம் பிரிட்டிஷாரிடமே தங்கியது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஐப்பசி வரப்போகிறதே!

சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போடவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கப்பலைக் கரையில் தூக்கி அடித்துவிடும். பக்கத்தில் இருந்த ஒரே பத்திரமான இடம் இலங்கையின் திருகோணமலை. ஆகஸ்ட் இறுதியில் அதைப் பிடித்துவிட்டார் சஃப்ரேன். இனி மழைக்காலத்துக்கு ஹியூஸ் எங்கே ஒதுங்குவார்?

அக்டோபர் 15. பிரெஞ்சுக் கப்பல்கள் கிழக்கே சுமத்ராவின் ஆச்சேவுக்குக் கிளம்பின. அதே நாள் சென்னையில் புயல். கரைக்கு எதிரே அரிசியோடு நின்ற படகுகள் ஏராளமாக உடைந்து நொறுங்கின. ஹைதரின் படையெடுப்புக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் சென்னையில் ஏற்கெனவே பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு வரவேண்டிய அரிசி கடலுக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து ஹியூஸும் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார். 'எங்களை விட்டுவிட்டுப் போகிறாரே' என்ற புலம்பல்தான் மிச்சம். அந்தப் பஞ்சத்தில் மடிந்த ஜனங்கள், பீரங்கிக்குப் பலியானவர்களைவிட மிக மிக அதிகம்.

தளபதிகளின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. அரிசிக்காகக் கரையில் காத்து நின்றவர்களின் பெயர்கள் இல்லை.

அந்த வாடைக்காலம் இன்றும் அப்படியேதான் வருகிறது. 1952, 1977, 2018 'கஜா'... மூன்று முறையும் நவம்பரில்தான் நாகைக் கரையைப் புயல் புரட்டிப் போட்டது. ஒரே வித்தியாசம், இப்போது முன்கூட்டியே தெரிகிறது. நாகை துறைமுகத்தில் இத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டி.வி-யில் சொன்னால், சேனலை மாற்றாதீர்கள். 1782-ல் அந்த அரிசிப் படகுக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை!