வினாவும் சிந்தனையும்

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். அடுத்த ஆண்டு, காவிரி நாட்டுத் திருவாவடுதுறை ஆதீனம் அவர்களுக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் நல்கிற்று. 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார்கள். பாலர்பொருட்டு அவர்கள் இயற்றிய சைவ வினாவிடை, பெயருக்கேற்ப வினாவும் விடையுமாய் நடப்பது.

வினாவை முன்வைத்தது எற்றுக்கு? விடையை நெட்டுருப் பண்ணுதற்கு மாத்திரமோ? கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என ஞானத்திற்கு நான்கு படிகள் கூறும் நம் சித்தாந்தம். நெட்டுரு முதற்படியோடு நின்றுவிடும்.

தஞ்சைச் சீமையில் ஆரம்பப் பள்ளியிற் பயின்ற காலத்து, “கடவுள் எங்கும் உளராயின் கோயிலுக்குப் போவானேன்?” என்று கேட்டு அடியேன் பிரம்படி பெற்றேன். பசுவின் உடலெங்கும் பரந்த பால் மடியிலே சுரத்தல்போல என்னும் விடை, பின்னர் மடத்திலே பாடங்கேட்டபோதுதான் கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நான் வினவுதலையே விட்டிருந்தேன்.

ஆதலின், பிள்ளை வினவினால் ஆசிரியர் சினவாது, “நீ யாது நினைக்கின்றாய்?” என்று முதலிற் கேட்பாராக. சிந்தித்தல் அங்கே தொடங்கும்.