பிள்ளைகளும் பிரம்பும்

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர் கைப்பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கச் செய்யும் கோதண்டமும் கல்விக்கு அங்கமாகவே கருதப்பட்டன. ‘கண்ணிரண்டை விட்டுத் தோலை உரியுங்கள்’ என்று கூறிப் பிள்ளையை ஒப்புவித்தவர்கள் பெற்றோராகிய நம் முன்னோரே.

இவ்வழக்கத்தைத் தமிழ்நாட்டரசார் 2003-ஆம் வருஷத்தில் கல்வி விதிகளைத் திருத்தி விலக்கினர். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேகதண்டனையோடு மனத்தை வருத்துதலையும் தடுத்தது.

ஆயினும் மஞ்சக்குப்பத்திலும் சுற்றூர்களிலும் வாழும் நம்மவருட் சிலர் அப்பழஞ்சொல்லை இன்றும் பள்ளிவாயிலில் சொல்லக் கேட்கிறோம். பெற்றோர் இசைந்தாலும் சட்டம் இசையாது. அடிபட்ட பிள்ளை வீட்டில் வந்து சொல்லுங்கால், ‘நீ என்ன குற்றஞ் செய்தாய்?’ என்று அதட்டினால் மறுமுறை வாய்திறவாது. ஆதலின் பொறுமையுடன் கேட்டுத் தலைமையாசிரியரிடம் முறையிடுக; வேண்டின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க. எக்குலத்துப் பிள்ளையாயினும் அச்சமின்றிக் கற்பதே நமது சங்கத்துக்குக் கௌரவமாம்.