'எறக்கினோம்' என்கிற வினைச்சொல்

"எங்காத்து வாசல்லயே எஞ்சினை எறக்கினோம்." மயிலாப்பூரில் பழைய கார் வைத்திருந்த வீடுகளின் வாக்கியம் இது. இந்தத் தன்மைப் பன்மைக்குள் யார் யார்?

1953இல் சுங்கவரி ஆணையத்தின் அறிக்கை வந்தது. உதிரிகளை இறக்குமதி செய்து கார் பூட்டிவந்த அமெரிக்கக் கம்பெனிகள் வெளியேறின. மிஞ்சியவை அம்பாசிடர், பியட், 1961 முதல் சென்னையை அடுத்துத் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. புது வண்டிக்கு வருடக்கணக்கில் காத்திருக்கணும். ஆகவே காரை மாற்றவில்லை. எஞ்சினை இறக்கிச் செப்பனிட்டார்கள்.

ஹெரால்டில் மட்கார்டும் பானெட்டும் ஒன்றாக முன்னால் சாயும். தண்ணீரும் ஆயிலும் வடித்து, ரேடியேட்டரைக் கழற்றி, செயின் பிளாக் போட்டு எஞ்சினைத் தூக்குவார்கள். கியர்பாக்ஸ் வண்டிக்குள்ளிருந்துதான் வெளிவரும். முன்சீட்டை எடுத்துவிட்டு மெக்கானிக்கும் பையனும் அங்கே கிரீஸ் கையோடு குந்தியிருப்பார்கள்.

மேற்கில் இது சொந்தக்காரரின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே 'வீட்டிலேயே' என்றால் தொழிலாளி வீட்டுக்கு வந்தார் என்று பொருள், அதுவும் போர்ட்டிகோ வரை. ஆங்கில மேனுவல் வீட்டுக்காரர் கையில். எந்த போல்ட் எங்கே என்பது மெக்கானிக்கின் விரலில். ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியது வாழ்க்கை வரலாறாயிற்று. பட்டறைப் பையன் அதையே செய்தால் எடுபிடி வேலை.

1980களின் இறுதியில் ஹெரால்டு செய்த ஆலை நின்றுபோனது. உதிரிக்குப் புதுப்பேட்டை, அறிவுக்கு அதே விரல்கள். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் உண்டு, சொந்தக்காரர் பெயர் உண்டு. இறக்கியவருக்குக் கட்டம் இல்லை. நம் எந்திர வரலாறும் இதுவரை அந்தப் புத்தகத்தைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது.