தண்டும் கண்டோன்மெண்டும்: ஒரு சொல்லின் பயணம்

பெங்களூரு கண்டோன்மெண்ட் தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஓரிடத்துக்கு மூன்று சொற்கள் உள்ளன. கன்னடத்தில் ‘தண்டு’, இந்தியில் ‘சாவ்னி’, ஆங்கிலத்தில் ‘கண்டோன்மெண்ட்’. முதற்சொல் படையைக் குறிப்பது; இரண்டாவது கூரை வேய்தலிலிருந்து பிறந்தது. மூன்றாவதன் வேரில் படையும் இல்லை, கூரையும் இல்லை. இருப்பது ஒரு மூலை.

இத்தாலிய மொழியில் ‘காந்தோ’ என்பது மூலை. பாட்டைக் குறிக்கும் ‘காந்தோ’ ஒலியால் ஒன்றாயினும் வேரால் வேறு. அதற்கும் முன்னே செல்லின், லத்தீன் ‘காந்துஸ்’ சக்கரத்தின் இரும்புப் பட்டையையும், கிரேக்க ‘காந்தோஸ்’ கடைக்கண்ணையும் குறித்தன. மூலை என்ற பொருள் விரிந்து நிலத்துண்டு என்றாகியது. சுவிட்சர்லாந்தில் ‘காண்டன்’ ஒரு மாநிலம். பிரான்சில் 1790 முதல் சிறு ஆட்சிப் பிரிவு. பிரஷ்யாவில் 1733ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி ஒரு படைப்பிரிவுக்கு ஆள் திரட்ட ஒதுக்கிய வட்டாரம். ஆங்கிலத்தில் அது கொடியின் மேல்மூலைக்கும் பெயர். சீனத் துறைமுகமான காண்டனோ இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது போர்த்துக்கீசியர் வழிவந்த ஊர்ப்பெயர்.

பிரெஞ்சு மொழியில் படையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தங்கவைப்பது ‘காந்தோன்மான்’. அது தற்காலிகத் தங்கல். ஆங்கிலம் கடன்பெற்றதும் அப்பொருளையே. நிலையான படைநகரம் என்ற பொருள் இந்திய மண்ணில் உருவானது.

அதற்குப் பெங்களூரே சான்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் நோய்ச்சூழலால் இடம்பெயர்ந்த கும்பினிப்படைக்காக 1809இல் அல்சூரையொட்டி எழுந்த குடியிருப்பு, கெம்பெ கௌடரின் பழைய பேட்டைக்கு அருகே தனிநகராயிற்று. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த இருப்புப்பாதை முதலில் இங்குதான் முடிந்தது. பேட்டைப் பகுதியின் நிலையம் பின்னரே எழுந்தது. 1881இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்பியபோதும் கண்டோன்மெண்ட் ஆங்கிலேயர் வசமே இருந்தது. அது மைசூருக்கு மீண்டது 1947 ஜூலையில். இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியானது 1949இல். தற்காலிகத் தங்கலின் பெயர், ஒரு நகரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு இரண்டாக வைத்திருந்தது.

சென்னை மாகாணத்திலிருந்து படையோடு வந்த சிப்பாய்கள், வணிகர், தொழிலாளருள் தமிழர் பலர். அவர்களுக்குத் ‘தண்டு’ அயற்சொல் அன்று. ‘தண்டெடுத்தல்’ என்றால் தமிழில் படையெடுத்தல். தண்டநாயகர் என்பார் படைத்தலைவர். கோயம்புத்தூரிலும் பெங்களூரு சிவாஜிநகரிலும் தண்டு மாரியம்மன் கோயில்கள் உள்ளன. ஆங்கிலச் சொல் மூலையையும் தங்கலையும் மட்டுமே சொல்ல, இவ்வூர்ச் சொல் வந்து தங்கியது படை என்பதை மறைக்காமல் சொல்கிறது. படைக்காலத்து நகர வரலாற்றை எழுதுவோர், ஆவணங்களின் சொல்லோடு அம்மனின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.